ஊர் சுமந்த பிள்ளை

தட்டாங்குறிச்சியில் மாவு மில் நடத்திவந்த ஆவுடைத்தங்கத்தின் வயிற்றுப் பிள்ளை, ஏழாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மில்லின் பெல்ட் ஓடுகிற இரைச்சலையும் மீறித் தன் நெஞ்சு துடிக்கிற சத்தத்தைத் தெருவுக்குக் கேட்க வைத்தது. மிளகாய் வற்றலை அரைக்கக் கொடுத்துவிட்டுத் தும்மிக்கொண்டு நின்ற பெண்கள் மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள், ஆவுடைத்தங்கமும் அப்படித்தான் நினைத்து சுவிட்சை அணைத்தாள், பெல்ட் நின்றது, மாவுத்தூசி மெல்ல இறங்கியது, சத்தம் மட்டும் நிற்காமல், சேலைக்குள் ஒரு குதிரை வண்டி போவதைப்போல லொடக் லொடக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்தார்கள்.

"பிள்ளைதான்" என்றாள் ஒருத்தி.

"சரி, மில்லைப் போடு. எனக்கு உலை கொதிக்குது" என்றாள் இன்னொருத்தி.

அந்த ஊர் ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான். அதன்பிறகு வயிறு பெருத்ததும், வீட்டு வாசல்படியில் நுழைய முடியாமல் ஆவுடைத்தங்கம் தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஷட்டர் வைத்த மில்லுக்கே குடிவந்ததும், பிள்ளை புரண்டு படுத்தால் மில்லின் சுவரில் மாட்டியிருந்த சல்லடைகள் ஒவ்வொன்றாக விழுந்ததும், பிள்ளை கால் நீட்டினால் அதன் பாதம் பெரிய ஆளின் செருப்பளவுக்குச் சேலைக்குமேல் அச்சாகத் தெரிந்ததும் அந்த ஊர்க்காரர்களுக்குப் பால்காரன் வருவதும் போவதும்போல ஆகிவிட்டது. கைக்குழந்தைக்காரிகள் தூங்காத பிள்ளைகளை மில்லின் சுவரோரம் கொண்டுவந்து போட்டார்கள், அந்தச் சத்தத்தில் அவை சொக்கிப்போய்த் தூங்கின. பீடி சுற்றுகிற பெண்கள் துடிப்புக்கு ஒரு சுற்று என்று விரலைப் பழக்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் விசில் அடிப்பதை விட்டுவிட்டு, கையைக் காதுக்குப் பின்னால் குவித்து நின்று, பிள்ளைகளை அந்தத் தாளத்துக்கு நடக்க விட்டார். மத்தியானம் ஆவுடைத்தங்கம் கொஞ்சம் கண்ணயர்ந்து, பிள்ளையும் கூடவே அயர்ந்து, சத்தம் இறங்கிவிட்டால் போதும், யாராவது வந்து ஷட்டரைத் தட்டுவார்கள்.

"ஏ ஆவுட, என்ன சத்தம் குறையுது? எந்திரிச்சு நாலு நட நட. அங்க சோலி கெடக்குல்லா."

அவள் எழுந்து நடப்பாள். நடந்துகொண்டே, இவர்கள் வீட்டுக் கடிகாரத்துக்குப் பேட்டரி போட வக்கில்லாமல் என் பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆச்சரியப்படத் தெரியாத அந்த ஊருக்கு அபிப்பிராயம் சொல்ல நன்றாகத் தெரிந்திருந்தது. பிள்ளை வளர வளர, இதை எப்படி வெளியே எடுப்பது என்பதைப்பற்றி டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் கோயில் வாசலிலும் பேச்சு வளர்ந்தது. தன் வயிற்றில் எதையும் சுமந்திராத ஆண்கள் கையை அகல விரித்து அளவு காட்டினார்கள். எல்லாருக்கும் முந்திப் பேசியவள் ஆவுடைத்தங்கத்தின் மாமியார் பிரம்மசக்தி. மில்லுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் காதில் விழும்படி அவள் தன் பிரசவங்களைச் சொன்னாள்: ஒன்று கிணற்று மேட்டில், ஒன்று பருத்திக் காட்டில், ஒன்று பஸ்ஸில், டிரைவர் வண்டியைக்கூட நிறுத்தவில்லை, இறங்கவேண்டிய இடத்தில் பிள்ளையோடு இறங்கினாள்.

"எங்க வீட்டுல கத்தி பட்ட வயிறு கெடையாது. நானும் அப்படித்தான் பெத்தேன், எம்மகா கனியும் அப்படித்தான் பெத்தா. பெருசா இருந்தா என்ன? வாரது பெருசுன்னா கோட்டை வாசலத் தெறந்துக்கிட வேண்டியதுதான்."

அவள் பெற்றதில் இரண்டு பொழுது விடிவதற்குள் போய்விட்டதை அவள் சொல்வதில்லை. மகள் சண்முகக்கனிக்குப் பிறந்த பெண்பிள்ளைக்கு இடது கை தூக்க வராது, உள்ளங்கை பின்பக்கம் திரும்பித் தொங்கும், சோற்றுத் தட்டைப் பிடிக்கவும் ஆகாது. அந்தப் பிரசவத்தையும் பிரம்மசக்தி சுகப்பிரசவக் கணக்கில்தான் சேர்த்திருந்தாள்.

அடுத்து வந்தவர் மாசானம். கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து இயற்கைப் பிரசவ வகுப்பு நடத்துகிறவர், முளைகட்டிய பயறு மட்டும் தின்கிறவர், கல்யாணம் ஆகாதவர். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"மூச்ச நல்லா இழுத்து அடிவயித்துல நிறுத்துங்க தங்கச்சி."

"அடிவயித்துல எடம் இல்ல அண்ணாச்சி. பிள்ளை இருக்கு."

"வலிங்கறது ஒரு நெனப்பு. நெனப்ப விட்டுட்டா வலி கெடையாது."

"வாசல்ல உங்க வண்டியில ஆடு ஏறி நிக்குது, சீட்டு கிழியுது" என்றாள் ஆவுடைத்தங்கம். மாசானம் கண்ணைத் திறந்து எழுந்து ஓடினார். ஆடு இல்லை.

பிறகு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஏஜெண்ட் வந்தான், கையில் பழக்கூடை, முகம் கொள்ளாத சிரிப்பு. ஆபரேஷன்தான் நல்லது என்றான், இலவசமாகவே செய்கிறோம் என்றான், புதிதாகக் கட்டிய ஆபரேஷன் தியேட்டரின் திறப்பு விழாவன்று, ரிப்பன் வெட்டின கையோடு வயிற்றையும் வெட்டிவிடலாம், அந்தத் தேதிவரைக்கும் பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிள்ளையின் படத்தை மட்டும் பைபாஸ் ரோட்டில் போர்டாக வைக்க அனுமதி தந்தால் போதும் என்றான்.

"திறப்பு விழா என்னைக்கு?"

"அடுத்த மாசக் கடைசி அக்கா. பெரிய ஆளு ஒருத்தர் தேதி கொடுக்கணும்."

"என் பிள்ளை அதுக்கு முந்தியே பொறக்கணும். அது யார்கிட்டத் தேதி கேக்கட்டும்?"

அவன் பழக்கூடையை வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

ஆவுடைத்தங்கத்தின் புருஷன் நம்பிராஜன் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். அடுத்தவர் போனின் உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான், தன் வாயிலிருந்து என்ன வரவேண்டும் என்று மட்டும் தெரியாது. சாயங்காலம் மில்லுக்கு வந்து, வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் ஒண்டி உட்காருவான்.

"எல்லாரும் சொல்லுதாவ" என்பான்.

"யாரு எல்லாரும்?"

"எல்லாருந்தான்."

"நீங்க என்ன சொல்லுதிய?"

அவன் யோசிப்பான். பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் இருவருக்கும் நடுவில் போய்க்கொண்டே இருக்கும். "அதான், எல்லாரும் சொல்லும்போது..." என்பான். ஆவுடைத்தங்கம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள், வயிறு திரும்பாது.

ஒன்பதாம் மாதத்தில் கிராமத்து நர்ஸ் போய்ச் சொல்லி, ஜில்லா ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஜெபராணி ஜீப்பில் வந்து இறங்கினார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியவர், தேவையில்லை என்று கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். டைலரிடம் இரண்டு டேப் வாங்கி முடிச்சுப்போட்டு வயிற்றை அளந்தார், சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார், தலை எந்தப் பக்கம் என்று அமுக்கிப் பார்த்தபோது பிள்ளை அவர் கையைத் திருப்பி அமுக்கியது. பிறகு எல்லாரையும் வெளியே போகச் சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கினார். சண்முகக்கனி மட்டும் நின்றாள். அவள் தண்ணீர் கேன் போடுகிறவள், தானே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியை ஓட்டி ஊர் ஊராகக் கேன் இறக்குகிறவள், அதிகம் பேசமாட்டாள்.

"பிள்ளை பெருசு" என்றார் டாக்டர்.

"அது ஊருக்கே தெரியும் டாக்டர்."

"ஊருக்குத் தெரியாதத சொல்லுதேன், கேட்டுக்க. சாதாரணமா பெத்துப் பாக்கலாமான்னா பாக்கலாம். தலை வந்துரும். தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கிட்டா, அப்புறம் நமக்கு நேரம் ரொம்பக் கம்மி. இழுத்தா பிள்ளைக்குக் கை நரம்பு போகலாம், மூச்சு போகலாம். உனக்குக் கிழிஞ்சு ரத்தம் நிக்காமப் போகலாம். ஆபரேஷன்னா அதுவும் சும்மா இல்ல. அதுலயும் ரத்தம் போகும், புண்ணு ஆற நாளாகும், இருமுனாக்கூட உயிர் போற மாதிரி இருக்கும், அடுத்த பிள்ளைக்கு ரொம்ப யோசிக்கணும். முன்னாடியே மருந்து கொடுத்து வலிய வரவச்சிரலாமேன்னு உன் மாமியார் கேட்டாவ. இந்தப் பிள்ளை அந்தக் கட்டத்தத் தாண்டிட்டு. என்னக் கேட்டா நான் ஆபரேஷன்னுதான் சொல்லுவேன். ஆனா வயிறு உன்னோடது. நீ என்ன நெனைக்க?"

அந்தக் கேள்வி ஆவுடைத்தங்கத்திடம் இதுவரை வந்ததே இல்லை, அதனால் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பவளைப்போல இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கை நரம்பு போகும்னா, எப்படிப் போகும்?"

டாக்டர் தன் இடது கையைத் தளர விட்டுக் காட்டினார். கை தொங்கியது, முழங்கை உள்ளே மடங்கியது, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியது.

சண்முகக்கனி ஷட்டரைப் பிடித்திருந்தாள். ஷட்டர் கிடுகிடுவென்று ஆடியது. ஆவுடைத்தங்கம் அவளைப் பார்க்காமலே கேட்டாள்.

"நான் செத்துப்போவேனா?"

"ரெண்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. ஆபரேஷன்ல குறைச்சல். பொய் சொல்ல மாட்டேன், இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"சரி. ஆபரேஷன்."

"வலி வர்றதுக்கு முந்தி வந்துரு. வண்டி அனுப்புதேன்."

ஷட்டரின் அந்தப் பக்கம் தரையோடு தரையாகக் காதை வைத்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்கள். ஜீப்பின் புழுதி அடங்குமுன் சேதி ஊர்த்தலைவர் சீனிப்பாண்டிக்குப் போயிற்று, பொழுது சாயுமுன் ஊர்க்கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தில், இந்தச் சத்தம் இந்த ஊரின் சொத்து என்று பேசினார்கள், பிள்ளை வெளியூர் ஆஸ்பத்திரியில் பிறந்தால் பிறந்த ஊர் என்று வேறு ஊரின் பேர் விழுந்துவிடும் என்று கவலைப்பட்டார்கள், இத்தனை மாதம் இந்தத் துடிப்பைக் கேட்டுக் கேட்டு நாமும்தானே சுமந்தோம் என்று ஒருவர் தழுதழுத்தார், அதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். இம்மாம்பெரிய பிள்ளை ஆண்பிள்ளையாகத்தான் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது, ஊர் எல்லை வளைவிலேயே அதை நிறுத்தி, டிரைவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, அந்தப் பொம்பள இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மில் வாசலில் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், காவல் என்று சொல்லாமல் துணை என்று சொன்னார்கள்.

"ஊரு என்ன உன்னக் கட்டியா வச்சிருக்கு?" என்றார் சீனிப்பாண்டி, அவளிடம் நேரிலேயே. "முறையாப் பேசி ஒரு முடிவுக்கு வருவோம்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பட்டிமன்றம் வச்சிருக்கோம். 'பெரிய பிள்ளைக்குப் பெரிதும் உகந்தது சுகப்பிரசவமா, ஆபரேஷனா?' நாந்தான் நடுவர். தீர்ப்பு எப்படி வருதோ அப்படி."

"பெறப்போறது நான் அண்ணாச்சி."

"அத யாரு இல்லங்கா? உனக்கு முன்வரிசை."

முன்வரிசையில் அவளை உட்காரவைக்க இடம் போதாது என்பதால், மில்லின் ஷட்டரை ஒட்டியே மேடை போட்டார்கள். ஷட்டரை இறக்கி, அதில் ஒரு மைக்கைக் கட்டி, பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தை நாலு குழாய் ஒலிபெருக்கியில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் உச்சிக்கு வரும்போது ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள், ஐஸ் வண்டி வந்திருந்தது, வேர்க்கடலை வந்திருந்தது, பிரம்மசக்திக்கும் நம்பிராஜனுக்கும் மேடையிலேயே நாற்காலி போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மாசானம் சுகப்பிரசவ அணிக்குத் தலைவர், ஏஜெண்ட் ஆபரேஷன் அணிக்குத் தலைவன். மாசானம் மைக்கைப் பிடித்து, மாட்டுக்கு யார் ஆபரேஷன் செய்தார்கள், யானைக்கு யார் ஆபரேஷன் செய்தார்கள், திமிங்கிலத்துக்கு யார் ஆபரேஷன் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போக, கூட்டம் ஒவ்வொரு விலங்குக்கும் கைதட்டியது. திமிங்கிலத்துக்கான கைதட்டல் ஓயுமுன், ஷட்டருக்கு உள்பக்கம் இருட்டில் சாக்குமேல் படுத்திருந்த ஆவுடைத்தங்கத்துக்கு இடுப்பிலிருந்து கிளம்பி முதுகைச் சுற்றிக்கொண்டு முதல் வலி வந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் அதையும் ஒலிபெருக்கியில் விட்டு, அதற்கும் கைதட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூட்டை இறக்குகிற பின்பக்கத்துப் பெரிய கதவைப் பார்த்தாள். கதவு திறந்தது. சண்முகக்கனி நின்றாள், அவளுக்குப் பின்னால் குட்டியானை வண்டி பின்பலகையை இறக்கிக்கொண்டு நின்றது, காலிக் கேன்கள் எல்லாம் சந்தில் உருண்டு கிடந்தன.

"ஏட்டி கனி, வலி வந்துட்டு."

"தெரியும் மதினி. வெளியவரைக்கும் சத்தம் மாறிக் கேக்கு. அவுகளுக்குத்தான் கேக்கல. வாங்க."

"நான் போயிட்டா குழாயில சத்தம் நின்னுருமே? உடனே வந்துருவானுவ."

அவர்கள் இரண்டுபேரும் ஒரே நேரத்தில் மில்லைப் பார்த்தார்கள். ஆவுடைத்தங்கம் கையை எட்டிக் கல்லைத் தளர்த்தி, ஒரு மணி தானியம்கூடப் போடாமல், சுவிட்சைத் தட்டினாள். வெறும் கல் வெறும் கல்லோடு உரசி லொடக் லொடக்கென்று ஓடியது. மேடையில் சீனிப்பாண்டி பேச்சை நிறுத்திக் கையை உயர்த்தி, "கேளுங்க, நம்ம பிள்ளைக்கே உற்சாகம் வந்துட்டு!" என்றார். ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

வண்டியில் ஏறுவதற்குத்தான் பயந்தாள். ஆனால் பின்பலகையில் அவள் கையை ஊன்றியதும், பிள்ளை தன் கால் இரண்டையும் மடக்கி, முதுகை வளைத்து, நெருக்கடியான பஸ்ஸில் அடுத்தவருக்கு இடம் விடுகிற நல்ல மனுஷனைப்போல ஒடுங்கிக்கொண்டது. சாக்குகளை விரித்த வண்டிக்குள் அவள் ஒருக்களித்துப் படுத்தாள். சந்து வழியாக, கண்மாய்க் கரை வழியாக, வளைவுக்குப் போகாமல் வண்டி தார்ரோட்டில் ஏறியது. அவர்கள் போன வழியெங்கும் அந்தச் சத்தம் கூடவே போனது, எருமைகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன, செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யார் வீட்டு மேளம் என்று தலையைத் தூக்கினார்கள். வலி வரும்போதெல்லாம் ஆவுடைத்தங்கம் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லித் திட்டினாள், அவளுக்கு அது மாசானத்தின் மூச்சுப் பயிற்சியைவிட நன்றாக வேலை செய்தது. வலி விட்ட ஒரு இடைவெளியில், முன்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டாள்.

"நல்லா ஓட்டுதியே. நீ எப்ப கத்துக்கிட்ட?"

சண்முகக்கனி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம்பிள்ள பொறந்தப்ப எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது மதினி. அதுக்கப்புறந்தான் கத்துக்கிட்டேன்."

வண்டி ஜில்லா ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது.

ஆஸ்பத்திரியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, அங்கே அதைவிடக் கஷ்டமானதையெல்லாம் தினமும் பார்க்கிறார்கள். இரண்டு மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டார்கள். ஒரு நர்ஸ் பேனாவை நீட்டி, "வீட்டுக்காரர் எங்கம்மா? கையெழுத்து வேணுமே" என்றாள்.

"பொன்னாடை வாங்கிட்டிருக்காவ. குடுங்க, நானே போடுதேன்."

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே அவள் உடம்பு யாரோ அடுத்த வீட்டுக்காரியுடையதுபோல ஆகிவிட்டது. பச்சைத் துணித் திரைக்கு அந்தப்பக்கம் டாக்டர் ஜெபராணியின் குரல் மட்டும் கேட்டது. தலை வந்தது, அதைப் பிடிக்க இரண்டு கை போதாமல் நாலு கை ஆயிற்று. பிறகு தோள் வந்தது. அப்போது டாக்டர் ஒரு கணம் நிறுத்தி, "இந்தத் தோளையா பேசித் தீத்துரலாம்னு பாத்தாங்க" என்றார். பிறகு மார்பு, வயிறு, தொடை, வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, ஏற்றம் இறைக்கிறவர்களைப்போல அவர்கள் மூச்சுவாங்கினார்கள். கடைசியில் பாதம் வெளியே வந்து மேஜை விளிம்பில் டொக்கென்று இடித்தபோது, பால்வாடிக்கு அனுப்பலாம் போன்ற ஒரு பெண்பிள்ளை, மாவு பூசினதுபோல வெள்ளைப் பிசுக்கோடு அங்கே கிடந்தது.

அதே நேரத்தில் சத்தம் நின்றது. இரண்டு மாதமாக ராப்பகலாய் ஓடிய அந்தக் குதிரை வண்டி சட்டென்று நின்றதில் அந்த அறையே காது அடைத்துப்போனது. அத்தனை பேரையும் அத்தனை மாதமும் ஏளனமாகவே பார்த்துப் பழகிய ஆவுடைத்தங்கம் அப்போதுதான் அலறினாள்.

"டாக்டர், சத்தம் நின்னுட்டே! டாக்டர், எம்பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

இரண்டு நர்ஸுகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் தலைமாட்டில் கிடத்தி, அதன் நெஞ்சை அவள் காதோடு சேர்த்து வைத்தார்கள். உள்ளே, மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் போல, சின்னதாய், ரகசியமாய், துடித்துக்கொண்டிருந்தது.

"இனிமே உனக்குக் கேட்டாப் போதும்" என்றார் டாக்டர்.

அப்புறம் பிள்ளை வாயைத் திறந்து அழுதது. அந்த அழுகையில் அலமாரியிலிருந்த பஞ்சு ரோல்கள் உருண்டு விழுந்தன, அடுத்த வார்டில் தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். அது இரண்டு கைகளையும் ஒன்றுபோலத் தலைக்குமேல் தூக்கி அழுதது. மூலையில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த சண்முகக்கனி, வண்டிக்குத் தண்ணி ஊத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

தட்டாங்குறிச்சியில் பட்டிமன்றம் அந்திவரைக்கும் நடந்தது. சுகப்பிரசவமே சிறந்தது, ஆனால் ஆபரேஷனும் சிறந்ததே, மொத்தத்தில் தாய்மையே சிறந்தது என்று சீனிப்பாண்டி தீர்ப்புச் சொல்லி, அதை அவளுக்கு அறிவிப்பதற்காக மாலையோடு ஷட்டரைத் தூக்கியபோது, உள்ளே ஒன்றையும் அரைக்காமல் மில் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது, பெல்ட் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஊர் எதையும் செரித்துக்கொள்கிற ஊர் அல்லவா, மறுநாள் காலையில் ஒரு வேன் பிடித்து, மேளக்காரர்களை ஏற்றி, 'ஊரே வழியனுப்பி உலகுக்குத் தந்த மாவீரனே வருக' என்று பேனர் அடித்துக் கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் பெண்பிள்ளை என்று காவலாளி சொன்னதும் வேனுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். படிக்கட்டு ஏறி முடிப்பதற்குள் அம்மனே வந்து பிறந்துவிட்டாள் என்று முடிவாகியிருந்தது. மாசானம் கன்னத்தில் போட்டுக்கொண்டே வார்டுக்குள் நுழைந்தார்.

பிரம்மசக்தி முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை, மருமகளின் வயிற்றுக் கட்டைப் பார்த்தாள்.

"கத்தி பட்டுட்டே" என்றாள்.

"பட்டுச்சு அத்தை. கனி மகா இடது கையத் தூக்கி உங்களக் கும்பிடுத அன்னைக்கு நாம இதப் பத்திப் பேசுவோம்."

பிரம்மசக்தி வாயைத் திறந்தாள், மகள் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்த்து நிற்பதைக் கண்டாள், திறந்த வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

சீனிப்பாண்டி தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சும்மா. ஊர்மேல வருத்தம் வச்சுக்கிடாத. இது உன் பிள்ளை மட்டும் இல்ல, ஊர்ப்பிள்ளை. கோயில் கொடைக்கு முந்தி ஊர்வலமாக் கூட்டிட்டுப் போறோம், சப்பரம் சொல்லியாச்சு. பேரு மட்டும் என்ன வைக்கலாம்னு ஊருல ரெண்டு அபிப்பிராயம் இருக்கு, அதுக்கு ஒரு பட்டிமன்றம்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பிள்ளை முகத்தைச் சுருக்கி, முக்கி, தன் அளவுக்குத் தகுந்த ஒரு காரியத்தைச் செய்தது. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். மேளக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், மாசானம் அடிவயிற்றில் நிறுத்தினார். பிள்ளைக்கு இடுப்பில் சுற்றியிருந்தது இரட்டைக் கட்டில் போர்வை. சண்முகக்கனி அதை மெல்ல உருவி, நாலாக மடித்து, ஆவுடைத்தங்கத்திடம் கொடுத்தாள். ஆவுடைத்தங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சீனிப்பாண்டிக்கு நேராக நீட்டினாள், கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல அவ்வளவு பணிவாக.

"ஊர்ப்பிள்ளைன்னு சொல்லுதிய. ரொம்ப நல்லது அண்ணாச்சி. பைப்பு வராந்தா கடைசில இருக்கு. ஊரு இத மொதல்ல அலசிக் கொண்டாந்து போடட்டும், பேர அப்புறம் வைக்கலாம்."

சீனிப்பாண்டிக்கு அந்த நேரத்தில் ஒரு போன் வந்தது, மணி அடிக்காமலே வந்தது, அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மாசானத்துக்கு வகுப்பு இருந்தது. மேளக்காரர்களுக்கு மேளத்தை எங்கேயோ நனையாமல் வைக்கவேண்டியிருந்தது, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வேனில் வந்த அத்தனை பேருக்கும் வந்த வேலை முடிந்துவிட்டது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி, வேன் கதவு மூடி, வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

வேனில் வந்தவர்களில் நம்பிராஜன் மட்டும் நின்றான். எல்லாரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அவன் இந்தப் பக்கம் திரும்பினான், அந்தப் பக்கம் திரும்பினான், எல்லாரும் என்று அங்கே யாரும் இல்லை. ஆவுடைத்தங்கம் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவன் வந்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, போர்வையை வாங்கினான். வாங்கியவன், கட்டிலில் கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்த தன் மகளை முதன்முதலாக அருகில் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

"மூக்கு உன்ன மாதிரி இருக்கு" என்றான்.

அது எல்லாரும் சொன்னது இல்லை, அவனே சொன்னது.

பிறகு அந்தப் போர்வையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாக் கடைசிக்கு நடந்தான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, வாளி நிறைகிற சத்தம் கேட்டது, அதன்பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அவன் குரல் வந்தது.

"ஆவுட, இதுல மொதல்ல தண்ணியா, சோப்பா?"

வரிசையாகப் பிள்ளைபெற்றவர்கள் படுத்திருந்த கட்டில்கள் அத்தனையும் சிரிப்பில் குலுங்கின. ஆவுடைத்தங்கம் தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலி உயிர்போக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.